கிளச் இல்லாத கார்

மார்கழி பிறந்து நாலாம் நாள் விடியற்காலையில், தங்கம்மாவின் தயிர் முட்டிகளில் ஏழு கதிர்காமநாதனின் காருக்குள் உடைந்தன. கிளிநொச்சியில் ஒரு திவச வீட்டுக்குப் போகவேண்டிய தயிர். பின் சீற்றில் சிலதும் காலடியில் சிலதும் மடியில் ஒன்றுமாக அடுக்கி, வாழையிலையால் வாய் கட்டி, தங்கம்மா மூச்சுக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தார். கதிர்காமநாதன் கியர்த் தடியைத் தள்ளினார். கார் ஒன்றும் செய்யவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணக்கூடிய நேரம் சும்மா நின்றது. பிறகு பின்னாலிருந்து எருமை முட்டியதுபோல ஒரு பாய்ச்சல். வேலிப் படலை தாண்டி ரோட்டில் ஏறியதும் இன்னொன்று. அந்த இரண்டாவது இடியில்தான் தயிர் போனது.

"கோதாரி விழுந்த காரடாப்பா இது!" என்று தங்கம்மா கத்தினார். "இதுக்கு நான் பரமேசின்ரை ட்ரக்டர் பெட்டியிலையே போயிருப்பன். திவச வீட்டுக்கு நான் இப்ப என்ன பதில் சொல்லுறது?"

"குளிர் அக்கா. சூடேறினால் சரிவந்திடும்."

"ஆருக்குச் சூடேறினால்? எனக்கு இப்பவே ஏறிப்போச்சு!"

நான் முன் சீற்றில் இருந்தேன். என் சப்பாத்துக்குள் தயிர். சிரிக்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கதிர்காமநாதன் இரண்டு கைகளையும் ஓட்டும் வளையத்தில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

1981ஆம் ஆண்டு அது. முல்லைத்தீவிலிருந்து மாற்றலாகி வந்து ஸ்கந்தபுரத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கதிர்காமநாதன் வீட்டு வெளியறையில் இருப்பு, அவருடைய மனைவி கமலாசனி அக்காவின் கையால் சாப்பாடு. சனிக்கிழமைகளில் கிளிநொச்சிக்குப் போக அவருடைய கார்.

கதிர்காமநாதனுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்று வருடங்களுக்கு முன் சேற்று வயலில் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் சறுக்கி, அதன் உழவுக் கத்திக்குள் கால் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் பொருத்திய பொய்க்கால் நடக்க உதவியது. கிளச் மிதிக்க உதவவில்லை. வடமராட்சியிலிருந்து குடியேற்றக் காணி கிடைத்து வந்த நாள்முதல் ட்ரக்டர், லொறி என்று எதையாவது ஓட்டிக்கொண்டே இருந்த மனிதர், இரண்டு வருடம் விறாந்தைக் கதிரையில் இருந்து ரோட்டைப் பார்த்தார். கப்பலில் வேலை செய்யும் தம்பி ஜப்பானிலிருந்து இந்தக் காரை இறக்கியது அதற்காகத்தான். இதில் கிளச் இல்லை. வலது கால் ஒன்று போதும். ஆவணியில் கார் வந்த அன்று அவர் தனியாக அக்கராயன் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, இறங்காமல் உள்ளேயே இருந்து அழுதாராம். அதைச் சொல்லும்போது கமலாசனி அக்காவும் அழுதார்.

ஊரில் யாருக்கும் அந்தக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிளச் இல்லாத கார் என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவின் தம்பி பரமேஸ்வரன்தான் ஊரின் இயந்திர நிபுணர். சொந்தமாக ட்ரக்டர் வைத்திருந்தார். கார் வந்த கிழமையே அதற்குச் சேர்விஸ் செய்து கொடுத்தவரும் அவர்தான். கொழும்பில் எவனோ கியர்ப் பெட்டிக்குள் சிவப்புத் தண்ணீரை ஊற்றி ஏமாற்றியிருக்கிறான் என்று கண்டுபிடித்து, அதைக் கீழே விட்டு, ட்ரக்டருக்கென்று வாங்கி வைத்திருந்த தடித்த எண்ணெயை நிரப்பினார். அந்த உதவிக்காக அக்கா கோழி அடித்துக் காய்ச்சிப் போட்டார்.

வெயில் காலத்தில் கார் இலேசாக இழுத்தது, யாரும் கவனிக்கவில்லை. மார்கழிப் பனி இறங்கியதும் உதைக்கத் தொடங்கியது. இரண்டு மைல் ஓடிச் சூடானால் ஓரளவு அடங்கும். குளிர்தான் காரணம் என்று முதலில் சொன்னவன் நான். குளிரில் உலோகம் சுருங்கும், சுருங்கினால் பற்கள் சரியாகப் பொருந்தா என்று விறாந்தையில் வைத்துப் படம் கீறி விளக்கினேன். ஜப்பானில் பனிக்கட்டியே கொட்டும் என்பது எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்புக்கு நானே படிப்பித்தது. ஆனால் வாயைத் திறந்த வாத்தியாருக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது?

குளிர் என்றால் சூடு காட்டவேண்டியதுதானே என்று நினைத்தது கமலாசனி அக்கா. விடியப்புறம் எழும்பிச் சிரட்டைகளை எரித்துத் தணலாக்கி, ஓட்டைத் தாச்சிச் சட்டி ஒன்றில் அள்ளி, காரின் அடியில் கியர்ப் பெட்டிக்கு நேரே ஒரு தடியால் தள்ளிவிடுவார். மேலே நனைத்த சாக்கு. முக்கால் மணித்தியாலம் அப்படிக் காய்ந்தால் கார் உதைக்காமல் புறப்படும். அதற்கிடையில் மாட்டுக்குத் தண்ணீர், பிட்டு அவிப்பு, சம்பல், வாடகைச் சவாரிக்கு வரும் ஹயர்காரருக்குப் பிளேன்ரீ. புகையில் அவருடைய கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. ஊரில் சிரட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. கதிர்காமர் வீட்டில் சமைக்க இரண்டு குசினி என்று நக்கலும் வந்தது.

அப்படியிருந்தும் ஹயர் குறைந்தது. தங்கம்மாவின் வாய் கிளிநொச்சிச் சந்தைவரை எட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பயந்தார்கள். சில காலைகளில் நான் ஒருவன்தான் காருக்குள் இருப்பேன்.

தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு பரமேஸ்வரன் வந்தார். விறாந்தை ஓரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, காருக்கு அடியில் குனிந்து தாச்சியைப் பார்த்தார்.

"அத்தான், உதொண்டும் சரிவராது. கிளிநொச்சியிலை என்ரை சினேகிதன்ரை கராச்சிலை பழைய கியர்ப் பெட்டி ஒண்டு கிடக்கு, கிளச்சோடை. இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அதைப் பூட்டினால் சோலி முடிஞ்சுது."

"கிளச்சை ஆர் மிதிக்கிறது?"

"நான் மிதிக்கிறன். காலமை ஹயரை நான் ஓடுறன். நீங்கள் பக்கத்திலை இருங்கோவன்."

"பக்கத்திலை இருந்து?"

"கதைச்சுக்கொண்டு வாங்கோவன்."

"கதைக்கிறதுக்கு எனக்குக் கார் தேவையில்லை," என்றார் கதிர்காமநாதன். "இந்தக் கதிரையிலை இருந்து ரெண்டு வருசமாக் கதைச்சனான்."

"இஞ்சாருங்கோ," என்று அக்கா குசினி வாசலிலிருந்து வந்தார். "அவன் சொல்லுறதிலை என்ன பிழை? என்ரை கையைப் பாருங்கோ. விரல் முழுக்கக் கொப்பளம். வெள்ளாப்பிலை எழும்பி எழும்பி எனக்குத் தலை சுத்துது. ஆர் ஓடினால் என்ன, கார் எங்கடைதானே?"

"கார் எங்கடைதான். ஓடுறவன்தான் நானில்லை."

"உப்பிடிக் கதைச்சால் நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதை. உன்னை ஆர் நெருப்பு வைக்கச் சொன்னது?"

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா உள்ளே போனார். பரமேஸ்வரன் என்னைப் பார்த்தார். நான் என் பிட்டுக் கோப்பையைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை அக்கா வீம்புக்குத் தணல் வைக்கவில்லை. கதிர்காமநாதனே வைத்தார். ஒற்றைக் காலில் குனிந்து தள்ளியதில் தாச்சி சரிந்து, நனைக்க மறந்த சாக்கு பற்றிக்கொண்டது. நானும் அக்காவும் வாளியோடு ஓடிவந்து ஊற்றி அணைத்தோம். காரின் அடி வயிறு கரி. ஹயருக்கு வந்து நின்ற இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். கதிர்காமநாதன் கைத்தடியை ஓங்கிக் காரின் முன் பொனற்றில் அடித்தார். மறுபடியும் அடித்தார். தகரம் நெளிந்தது. பிறகு தடியை எறிந்துவிட்டு, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி," என்றார். "தைப்பூசம் கழியக் கொண்டுபோய் மாத்தச் சொல்லு. உன்ரை தம்பியே ஓடட்டும்."

போய்க் கதிரையில் இருந்தார். அன்று முழுவதும் எழும்பவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு அவர்மேல் பரிதாபத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரு இரும்புப் பெட்டி ஒரு மனிதனை இப்படி முறிப்பதா என்ற ஆத்திரம். யாரிடம் அதைக் காட்டுவது என்று தெரியாத ஆத்திரமும்தான்.

பொங்கலுக்கு மா இடிக்கப் பேச்சியம்மா வந்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் அப்படி ஏழு குடிசைகள். அவளும் புருஷன் மாயாண்டியும் கதிர்காமநாதனின் வயலில்தான் வேலை. உண்மையைச் சொல்லவேண்டும்: அவர்களுக்குத் தேநீர் வேலிக்கரையில், தனித் தகரப் பேணியில். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உரலின் இரண்டு பக்கமும் நின்று பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டார்கள். நான் அறைக்குள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது," என்றாள் பேச்சியம்மா.

"சொல்லு."

"அந்தக் காருக்கு அடியில நெருப்பு வச்சீங்களே, எங்க வீட்டுக்காரரு அதப் பார்த்துட்டு வந்தா சோறு திங்க மாட்டேங்கிறாரு."

"அவருக்கென்ன வந்தது?"

"கார் பாவம்ங்கிறாரு." அக்கா சிரித்துவிட்டார். பேச்சியம்மா சிரிக்கவில்லை. "அதுல என்ன சங்கதின்னு அவருக்குத் தெரியும்மா. தோட்டத்துல துரையோட கார்க் கொட்டகையில பதினோரு வருசம் இருந்தவரு. அந்தக் காருக்கும் மிதிகட்டை ரெண்டுதான்."

உலக்கைச் சத்தம் நின்றது.

"அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

"அத அவரையே கேளுங்க."

அன்று பின்னேரம் மாயாண்டி வந்தார். வயல் சேறு முழங்காலில் காய்ந்திருந்தது. தலைத்துணியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறாந்தைக்கு வெளியே நின்றார். கதிர்காமநாதன் கதிரையில். அக்கா தூணோடு. நான் அறை வாசலில்.

"என்னடா மாயாண்டி, காருக்கு வைத்தியம் தெரியுமாம்?"

"வைத்தியமில்லீங்க. எங்க பக்கம் இதைவிடக் குளிருங்க. விடியக்காலையில கண்ணாடியில பனி உறைஞ்சு கிடக்கும். சுரண்டித்தான் எடுக்கணும். துரையோட கார் ஒருநாளும் உதைச்சதில்லீங்க."

நான் மெல்ல ஒரு அடி பின்னுக்குப் போனேன்.

"குளிரில்லாட்டிப் பேந்தென்ன?"

"எண்ணெய்ங்க. இந்தப் பெட்டிக்குச் செவப்பு எண்ணெய்தான். தண்ணியா ஓடணும். இதுல கியர மாத்துறதே அந்த எண்ணெய்தானுங்க, மனுசன் கையில்லை. தடிச்ச எண்ணெய ஊத்துனா குளிர்ல அது நகராது. நகர்ற வரைக்கும் வண்டி சும்மா நிக்கும். அப்புறம் மொத்தமா வந்து இடிக்கும்."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! ஐந்து மாதம். எத்தனை சிரட்டை, எத்தனை கொப்பளம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எண்ணெய் ஊற்றியது அவருடைய தம்பி. அதற்குக் கோழி அடித்தது அவர்.

கதிர்காமநாதனின் முகம் கறுத்தது. "ஐஞ்சு மாசமா இந்த வளவுக்குள்ளைதானே நிக்கிறாய்? ஏன்டா சொல்லேல்லை?"

"சொன்னேனுங்க."

"எப்ப?"

"சின்னய்யா அந்தச் செவப்பு எண்ணெயக் கீழ விட்டாங்களே, அன்னிக்கே. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க. ஐயா, அதக் கொட்டவேணாம், அதுதான் இதுக்கு எண்ணெய்னு சொன்னேனுங்க."

"அதுக்கு நான் என்ன சொன்னனான்?"

மாயாண்டி நிலத்தைப் பார்த்தார். "வாய்க்கால்ல தண்ணி கட்டியாச்சான்னு கேட்டீங்க."

கோழி ஒன்று உரலடியில் சிந்திய மாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

"எனக்குக் கேக்கேல்லை," என்றார் கதிர்காமநாதன். "பரமேசின்ரை ட்ரக்டர் ஓடிக்கொண்டு நிண்டது. அந்த இரைச்சலுக்குள்ளை ஆருக்கு என்ன கேக்கும்?"

"இருக்குமுங்க," என்றார் மாயாண்டி.

பொங்கல் விடுமுறையில் நான் யாழ்ப்பாணம் போய், நாலு கடை ஏறி இறங்கிச் சிவப்பு எண்ணெய் வாங்கி வந்தேன். மாயாண்டி சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். வயலில் குனிந்தே நான் பார்த்திருந்த மனிதர், அங்கே படுத்துக்கொண்டு "சாவி", "துணி", "இன்னொரு சட்டி" என்று கட்டளை போட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். அடித்தட்டைக் கழற்றியதும் எண்ணெய் கறுப்பாகக் கூழ்போல வழிந்தது, கருகிய வாசத்தோடு. அவர் அதைக் கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்தார். உள்ளங்கையில் கறுப்புத் துகள்கள். முகம் மாறியது, கையைத் துணியில் துடைத்தார். புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, திரும்பவும் இறக்கினார். உள்ளே ஒளிந்திருக்கிற பழசு அப்போதுதான் வரும் என்றார். மறுபடியும் ஊற்றினார்.

பரமேஸ்வரன் சைக்கிளில் சாய்ந்து நின்று பார்த்தார். "நான் நல்ல எண்ணெய்தான் ஊத்தினனான். ட்ரக்டருக்கு அதுதானே விடுறது," என்றார். தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள் நல்ல பனி. தணல் இல்லை. கதிர்காமநாதன் தடியைத் தள்ளினார். கார் உடனே, சத்தமில்லாமல், படலையைத் தாண்டி ரோட்டில் ஏறிப் போனது. அக்கா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டார். கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. வழமைபோல வளவுக்குள் காரைத் திருப்பி நிறுத்த, அவர் பின்னுக்கு எடுக்கப் பார்த்தார். எஞ்சின் இரைந்தது. கார் அசையவில்லை. இன்னும் அமத்தினார். இன்னும் இரைந்தது.

மாயாண்டி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "போதுமுங்க. பின்னுக்குப் போற பட்டை தேஞ்சு போச்சு. எண்ணெயில பாதி, நெருப்புல பாதி. நேத்தே துகளப் பார்த்தேன். எதுன்னுதான் தெரியல."

"திருத்தலாமோ?"

"சாமான் ஜப்பான்ல இருந்து வரணும். தெறக்கத் தெரிஞ்ச ஆளும் வேணும். எனக்குத் தெரியாதுங்க. முன்னுக்கு நல்லா ஓடும். பின்னுக்கு இனிமே இல்லை."

ஆனால் கியர்ப் பெட்டி மாற்றும் பேச்சு அன்றோடு நின்றது. கதிர்காமநாதன்தான் ஓட்டினார். வளவோ ஒடுக்கம். ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் வைக்கோல் போர். உள்ளே வந்த கார், பின்னுக்கு எடுக்காமல் திரும்ப இடமில்லை. அதனால் பின் வேலியை வெட்டி இன்னொரு படலை வைத்தார்கள். பின்னேரம் முன் படலையால் வரும், காலையில் பின் படலையால் போகும். பின் படலை திறப்பது வாய்க்கால் கரை ஒழுங்கைக்கு. ஏழு குடிசைகளின் வாசலை உரசிக்கொண்டு போய்த்தான் ரோட்டைப் பிடிக்கவேண்டும். அந்தப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அதுவரை போனதில்லை. அங்கிருந்துதான் ஆட்கள் வருவார்கள்.

ஒவ்வொரு காலையும் கார் வரும் சத்தம் கேட்டு அந்தச் சனங்கள் அடுப்புக் கற்களை உள்ளே இழுத்தார்கள், பாய்களைச் சுருட்டினார்கள், பிள்ளைகளைத் தூக்கி ஓரமாக்கினார்கள். மாயாண்டி பேணியோடு வாசலில் நிற்பார். கதிர்காமநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நேரே பார்த்தபடி ஓட்டுவார். குடிசைகள் தாண்டும்வரை அவரிடம் கதைத்தால் பதில் வராது.

ஹயர்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவருக்குத்தான் ஒன்றிலும் மனம் இல்லை. பிட்டு காய்ந்துவிட்டது என்று கத்தினார். சம்பலில் உப்பு என்று கத்தினார். அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கார் உதைக்கேல்லை, நீங்கள்தான் உதைக்கிறியள். நினைச்சது நடந்துதுதானே? பேந்தும் ஏன் மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்கிறியள்?"

"எனக்கொண்டுமில்லை."

"பின்னை அந்தப் படலையாலை போறதுதான் உங்களுக்குக் கஷ்டம் எண்டால், கிணத்தடி வாழையளை வெட்டுவம். முன்னாலையே திருப்பலாம்."

அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். வாழைகளை வெட்டவும் விடவில்லை.

மாசியில் அறுப்புத் தொடங்கியது. நான் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகக் காலை ரயிலைப் பிடிக்கவேண்டியிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. கார் பின் படலையால் இறங்கி, குடிசைகளுக்கிடையில் மெதுவாகப் போனது. மாயாண்டி வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கதிர்காமநாதன் காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார்.

"மாயாண்டி."

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தலைத்துணியைக் கழற்றினார். பேச்சியம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் வளையத்தைப் பிடித்த கைகளைப் பார்த்தபடி, அடிக்குரலில் சொன்னார்.

"அண்டைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டது."

மாயாண்டி ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார். கழற்றிய துணியை உதறி, திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார்.

"தெரியுமுங்க," என்றார். "வாத்தியாருக்கு ரயில் போயிடப் போகுது. நீங்க கிளம்புங்க."